ஒரு நாள் சத்திரசிகிச்சை, ஒவ்வொரு நாளும் குளிசை

(சங்கத்தின் மகளிர் பிரிவும் இளைஞர் பிரிவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், தீவகத்திலிருந்து வந்திருந்த குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாமல் போன தோட்டங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



நாங்கள் நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கிறோம். நாங்கள் டொக்டர்களும் இல்லை, தாதிமாரும் இல்லை. சிறுநீரகம் மாற்றி வீட்டுக்கு வந்த இளம் பிள்ளைகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் கூடமாட நின்று, கிளினிக்குக்குப் போய் வருகிறவர்கள். அதில் தெரிந்துகொண்டதைத் தோட்டத்துத் தாய் தகப்பன்மாருக்கும் வந்து சொல்லுங்கள் என்று உங்கள் சங்கம் கேட்டது. அதனால் வந்தோம்.

கடலில் இருக்கிறவர்களுக்கும் மலையில் இருக்கிறவர்களுக்கும் என்ன பொருத்தம் என்று நினைப்பீர்கள். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால், முதலில் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகு. அங்கிருந்து பஸ். புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டித்தான் பட்டினம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அவசர நோயாளரைக் கடற்படைப் படகில் ஏற்றி வந்த இரவுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. நீங்களும் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்துதான் வைத்தியசாலைக்குப் போகிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்து பாதைகள் மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இறங்குதுறைக்கு வந்து படகு இல்லையென்று திரும்புவதும், சந்திக்கு வந்து பஸ் இல்லையென்று திரும்புவதும் ஒரே கஷ்டம்தான். சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்கு அந்தத் திரும்புதல் உயிர்ப் பிரச்சினை. அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

ஏன் குளிசையை நிறுத்த முடியாது?

தமிழ்நாட்டில் 2008 செப்டெம்பரில் நடந்த ஒரு விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். தகப்பன் அசோகன், தாய் புஷ்பாஞ்சலி, இரண்டு பேரும் டொக்டர்கள். மகனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போனது. சென்னை வீதிகளை ஒதுக்கி, பதினொரு நிமிடத்தில் அந்த இதயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதை ஒட்டிய கதையை ‘சென்னையில் ஒரு நாள்’ என்று படமாகவும் பார்த்தோம். நமது நாட்டிலும் 2017 யூலையில் கண்டி வைத்தியசாலையில் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது.

இப்படிப்பட்ட நாளை ஊர் கொண்டாடும். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிற வேலையை யாரும் படம் எடுப்பதில்லை. காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்று பார்த்தால், வருடத்துக்கு 730 வேளை குளிசை. பத்து வருடத்தில் 7,300 வேளை. சத்திரசிகிச்சையை டொக்டர் செய்கிறார். இந்த 7,300 வேளையையும் வீடுதான் செய்ய வேண்டும்.

ஏன் இப்படி? நமது உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. வெளியிலிருந்து கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. தாய் தந்த சிறுநீரகமாக இருந்தாலும், அந்தக் காவலுக்கு அது வெளியாள்தான். தொழிற்சாலை வாசலில் நிற்கிற காவல்காரருக்கு முகம் தெரியாத ஆளைப் போல. அதனால் தாக்கும். குளிசை செய்வது என்னவென்றால், அந்தக் காவலைக் கொஞ்சம் அமர்த்தி வைப்பது.

1954 டிசம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டொக்டர் ஜோசப் மறேயும் அவருடைய குழுவினரும் செய்த சிறுநீரக மாற்றுத்தான் உலகத்தில் நின்று பிடித்த முதலாவது மாற்று. ரொனால்ட் ஹெரிக் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர், தன்னுடன் பிறந்த இரட்டையர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். இருவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். அதனால் ரிச்சர்டின் உடம்பு அதை வெளியாளாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை. 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து பரவலாக வந்த பிறகுதான் இரட்டையர் அல்லாதவர்களுக்கும் மாற்றுச் சிகிச்சை பெரிய அளவில் கைகூடியது. இப்போது பெரும்பாலும் டக்ரோலிமஸ், மைக்கோபெனொலேட், பிரெட்னிசொலோன் என்ற மூன்று பெயர்களைக் கிளினிக் அட்டையில் பார்ப்பீர்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த வைத்தியசாலைக்கு அவசரத்தில் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

இளம் வயதுதான் கண்டம்

சின்னப் பிள்ளைக்குத் தாய் குளிசை கொடுப்பாள். நடுத்தர வயதுக்காரர் தானே பார்த்துக்கொள்வார். பதினேழிலிருந்து இருபத்துநாலு வரைக்குமான வயதில்தான் மாற்றிய சிறுநீரகம் பழுதாவது கூடுதல் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்கான காரணங்களை நாங்களும் கண்ணால் பார்க்கிறோம்.

முதலாவது, குளிசையை விட்டால் உடனே ஒன்றும் நோகாது. இரண்டு நாள் விட்டாலும் பிள்ளை ஓடித் திரியும். சிலவேளை கை நடுக்கம் குறைந்து, உடம்பு இலேசானது போலவும் இருக்கும். உள்ளுக்குள் சிறுநீரகம் தாக்கப்படுவது இரத்தப் பரிசோதனையில்தான் முதலில் தெரியும். கால் வீங்கி, சிறுநீர் குறையும்போது காலம் கடந்திருக்கலாம்.

இரண்டாவது, முகம். பிரெட்னிசொலோன் போன்ற மருந்தால் கன்னம் ஊதும், பரு வரும், உடம்பு வைக்கும். பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளையிடம் ‘என்ன, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு?’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இரவுக் குளிசை குப்பைக்குப் போகும். மருந்தின் அளவைக் குறைக்கக் குறைக்க முகமும் பெரும்பாலும் வழமைக்கு வரும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நாம் எல்லோரும் செய்யக்கூடிய, காசு செலவில்லாத வைத்தியம்.

மூன்றாவது, வீட்டை விட்டுப் போவது. எங்கள் பிள்ளைகள் பட்டினத்துக்குப் படிக்கப் போகிறார்கள். உங்கள் பிள்ளைகள் கொழும்பில் கடைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். ஆறு பேர் தங்குகிற அறையில், மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று குளிசைப் பெட்டியை ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்து வைத்த குளிசை மறந்து போகும். முதலாளி லீவு தரமாட்டார் என்று கிளினிக் நாளைத் தள்ளிப் போடுகிறார்கள்.

நான்காவது, தாயின் பயம். அதைச் சொன்னால் கோபிக்காதீர்கள். பிள்ளையைச் சாவின் வாசலிலிருந்து மீட்டெடுத்த தாய், அதற்குப் பிறகு பிள்ளையை வெளியில் விடமாட்டாள். குளிசையைப் பிரித்து, தண்ணீரோடு கையில் கொடுப்பாள். இருபது வயதிலும் அப்படித்தான். பிறகு ஒருநாள் பிள்ளை வேலைக்குப் போகும். அன்றைக்குத்தான் அதற்குத் தன் குளிசையின் பெயர்கூடத் தெரியாது என்று தெரியவரும்.

ஆகவே பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்ற வேண்டும். பன்னிரண்டு வயதில் குளிசைகளின் பெயர் தெரிய வேண்டும். பதினைந்தில் வாரத்துக்கான குளிசையைத் தானே பெட்டியில் அடுக்க வேண்டும்; தாய் எண்ணிப் பார்த்தால் போதும். பதினேழில் டொக்டரோடு கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச விட வேண்டும். சில கேள்விகளைப் பெற்றாருக்கு முன்னால் பிள்ளை கேட்காது.

இன்னொன்று. தாயோ தகப்பனோ சிறுநீரகம் கொடுத்திருந்தால், கோபத்தில் ‘உனக்காக உடம்பை வெட்டிக் கொடுத்தேனே’ என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லை விழுங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட பிள்ளை குளிசையை ஒழுங்காகப் போடப் போவதில்லை. ஒரு வேளை தவறினால், அதை மறைக்கத்தான் பழகும். வீட்டில் உண்மையைச் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே பாதிப் பாதுகாப்பு. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது. கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும்.

படகு நேரமும் பிரட்டு நேரமும்

டக்ரோலிமஸ் குளிசையைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கிளினிக் நாளில், காலைக் குளிசை போடுவதற்கு முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும். குளிசையைப் போட்டுவிட்டுப் போனால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடக் காட்டும். டொக்டர் கணக்குப் பிழைக்கும். அதனால் அன்றைக்குக் குளிசையைக் கையோடு எடுத்துப் போய், இரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும்.

இதில் எங்கள் தீவுக்கு ஒரு சிக்கல். குளிசை நேரம் காலை ஆறு மணி என்றால், முதல் படகில் போகிற பிள்ளை இரத்தம் கொடுக்கும்போது பல மணித்தியாலம் பிந்திவிடும். டொக்டரிடம் ‘நாங்கள் நெடுந்தீவு, படகு இத்தனை மணிக்கு’ என்று வாய் திறந்து சொன்னால், குளிசை நேரத்தைப் பயணத்துக்குத் தக்கபடி அமைத்துத் தருவார். நீங்களும் பிரட்டு நேரம், பஸ் நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டொக்டருக்குத் தோட்டத்து மணிக்கணக்குத் தெரிய நியாயமில்லை. வெட்கப்படாமல் நாம்தான் சொல்ல வேண்டும். குளிசை நேரம் முடிவான பிறகு அதைச் சுவரில் எழுதி, தொலைபேசியில் அலாரம் வையுங்கள். திருவிழாவானாலும் செத்தவீடானாலும் அந்த நேரம் மாறக் கூடாது.

அடுத்தது இருப்பு. குளிசை முடிகிற நாளில் கிளினிக்குக்குப் போவது என்று வைத்துக்கொண்டால், அன்றைக்குக் கடல் பெருகினால் என்ன செய்வது? மண் சரிந்தால் என்ன செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே மருந்துகள் தட்டுப்பட்டதை எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே இரண்டு வாரத்துக்கான குளிசையாவது எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி தரக் கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள். அதை ஈரம் படாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு வெளியேறச் சொன்னால், அடையாள அட்டைக்கு முன்னால் அந்த டப்பாவை எடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில்

காவலை அமர்த்தி வைத்திருப்பதால் கிருமிக்கு வாசல் திறந்துதான் இருக்கும். முதல் மூன்று மாதம் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைக்குத் தனி அறை கொடுங்கள் என்று புத்தகம் சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? முடிந்ததைச் செய்வோம். ஜன்னல் பக்கத்துப் படுக்கை பிள்ளைக்கு. அடுப்புப் புகை அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது. தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டப் போகாமல், முகக்கவசத்தோடு நிற்பது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று சுகம் விசாரித்துப் போனால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டைத் தொட வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். எங்கள் தீவுகளில் பல கிணறுகள் உவர். குடிதண்ணீருக்கு அலைய வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பீலித் தண்ணீர் தெளிவாக இருக்கும். தெளிவாக இருப்பதால் மட்டும் அது சுத்தம் ஆகாது. முட்டை, மீன், இறைச்சி எல்லாம் நன்றாக வேக வேண்டும். பம்பளிமாசு அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது, வேண்டாம். கடையில் வாங்குகிற நோக் குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். நாட்டு மருந்து, கசாயம் எதுவானாலும் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நல்ல மனதோடு சொந்தக்காரர் கொண்டுவந்த மருந்தாலும் மாற்றிய சிறுநீரகம் பழுதாகலாம். தடுப்பூசியிலும் சிலது இவர்களுக்கு ஆகாது; கேட்டுப் போடுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் விடியும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் குறைதல், கால் முகம் வீங்குதல், திடீரென்று நிறை கூடுதல், அடிவயிற்றில் சிறுநீரகம் வைத்த இடத்தில் நோதல், விடாத வயிற்றோட்டம், வாந்தி — இவற்றில் எது வந்தாலும் உடனே வைத்தியசாலை. தோட்ட மருந்தகத்தில் பனடோலோடு திருப்பி அனுப்பினால், கிளினிக் அட்டையைக் காட்டி ‘இது மாற்றிய சிறுநீரகம்’ என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் நோயாளர் இரண்டு பேர்

நமது வீடுகளில் பெரும்பாலும் கொடுப்பவள் தாய். தீவில் அவள் கருவாடு காயப்போடுகிறவள், வலைக்குப் போகிறவள். இங்கே கொழுந்து பறிக்கிறவள். பிள்ளையைப் பார்க்கிற பரபரப்பில், அவளும் சத்திரசிகிச்சை செய்த உடம்பு என்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். காயம் ஆறி டொக்டர் சொல்லும்வரை, பல வாரங்களுக்கு அவள் பாரம் தூக்கக் கூடாது. தலையில் கயிற்றை மாட்டிக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறக் கூடாது. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ரொனால்ட் ஹெரிக் அப்படி ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்து 79 வயதில்தான் இறந்தார். ஆனால் அவளுக்கும் வருடாவருடம் பரிசோதனை வேண்டும்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி, நமது நாட்டில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். கடன்பட்ட குடும்பத்தைத் தேடித் தரகர் வந்தால், சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

சங்கம் என்ன செய்யலாம்?

குடும்பம் தனியாகச் சுமக்கக்கூடிய பாரம் இல்லை இது. கிளினிக் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் விழாது. முதல் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை, அதைவிடக் கூடவும் கிளினிக் இருக்கும். அப்படியென்றால் சம்பளம் என்ன ஆகும்? பஸ் காசு எங்கே? கிளினிக் தவறுவது பெரும்பாலும் அக்கறை இல்லாததால் அல்ல, அரிசி வாங்கக் காசு இல்லாததால்தான். ஆகவே இதைச் சங்கம் நிர்வாகத்தோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக எடுக்க வேண்டும். கிளினிக் அட்டையைக் காட்டினால் லீவு. அந்த நாளுக்கு அரைப்பேராவது. பாதை மோசமான தோட்டத்தில் வாகனம். கொடுத்த தாய்க்கும் பிள்ளைக்கும் டொக்டர் கடிதப்படி இலேசான வேலை. மருந்து தெளிக்கிற வேலைக்கு அந்தப் பிள்ளையைப் போடாமல் இருப்பது. இவ்வளவும் ஒரு கடிதத்தில் எழுதிக் கேட்கக்கூடியவை.

உதவிகளும் இருக்கின்றன. சிறுநீரக நோயாளர் உதவித்தொகைக்கும், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடச் சேவையும் 300,000 ரூபா மீதியும் உள்ளவர், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரைக்கும் முன்கூட்டியே எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. நிபந்தனைகளைத் தொழில் அலுவலகத்தில் கேட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு தோட்டத் தலைவர் கூடப் போனால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பயணம் மிச்சம்.

பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இனி இதுக்கு வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை’ என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். அந்த ரிச்சர்ட் ஹெரிக் தன்னைப் பார்த்த தாதியையே கலியாணம் செய்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, எட்டு வருடம் வாழ்ந்தார். அது 1954இன் வைத்தியம். இன்றைக்கு அதைவிடக் கூட எதிர்பார்க்கலாம். உறுப்பு மாற்றியவர்கள் ஓடவும் நீந்தவும் 1978இலிருந்து உலகப் போட்டியே நடக்கிறது. பெண்பிள்ளைகள் பிள்ளை பெறலாம். ஆனால் குறைந்தது ஒரு வருடம் பொறுத்து, முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மைக்கோபெனொலேட் கருவைப் பாதிக்கும். தன் நோயை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. ஆனாலும் வீட்டில் ஒருவருக்கும் வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் தீவில் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் கிளினிக் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் நாள் மாலை, நாளைக்குப் படகு ஓடுமா என்று விசாரித்துச் சொல்கிறோம். ஓடாது என்றால் கிளினிக்குக்கு அறிவிக்கிறோம். தாய்க்கு முடியாவிட்டால் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். அதே மாதிரி ஒரு கொப்பி உங்கள் தோட்டத்துக்கும் வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே ஓர் ஆளை அந்தக் கொப்பிக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். பெரிய படிப்பு வேண்டாம். நாள் தவறாதவராக இருந்தால் போதும். கூட்டம் கலைவதற்கு முன்னால் அந்தப் பெயரை உங்கள் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.